தோல் உரிந்த முகத்துக்கு வேப்பிலை

போட்டோக்காரன் என் கன்னத்தில் நிழல் விழுகிறது என்றான். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

என் தம்பி மகனுக்கு நிச்சயதார்த்தம். ஆறுமுகநேரியில் தம்பி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு நான் அத்தை. சும்மா பேருக்கு அத்தை இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்படி ஏறும்போது ஆலாத்தி எடுக்கிறவள் நான்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரைத் தட்டில் ஏந்திச் சுற்றிக் கொட்டுகிற வேலைதானே, யார் செய்தால் என்ன என்று நினைக்கலாம். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். நான் சுற்றின ஜோடி ஒன்றுகூடக் கோர்ட்டு வாசல் ஏறினதில்லை.

குடும்பத்தை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் தம்பி பெண்டாட்டியின் அக்காள் நின்றாள். மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள். அறுபதைத் தாண்டிவிட்டாள், முகம் மட்டும் அப்போதுதான் உரித்த நுங்கு மாதிரி இருக்கும். பேரெல்லாம் எதற்கு, சென்னைக்காரி என்றே சொல்கிறேன்.

போட்டோக்காரன் ஒரு விளக்கை இடம் மாற்றினான். குடை மாதிரி இருந்த இன்னொன்றைத் தூக்கி வைத்தான். அப்படியும் அவனுக்குத் திருப்தி இல்லை.

"ஆச்சி, லேசா இப்படித் திரும்புங்க. கன்னத்துல நிழல் விழுது."

திரும்பினேன். நிழலும் கூடவே திரும்பியது.

"அது நிழல் இல்ல தம்பி," என்றாள் சென்னைக்காரி, பொங்கலில் நெய் விடுகிற குரலில். "மதினிக்கு மங்கு. நீ எங்க திருப்பினாலும் அது அங்கனதான் இருக்கும். எடு."

சிரிப்பு வந்தவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தாமல் சிரித்தவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை பார்த்தவர், கிரேன் சத்தத்தில் காது போய்விட்டது. காதுக்கு மெஷின் உண்டு, வேண்டும்போது மாட்டுவார். அன்றைக்கு மாட்டவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார்.

பிறகு போனில் அந்தப் படம் வந்தது. போட்டோக்காரன் கம்ப்யூட்டரில் என் மங்கை அழித்திருந்தான். அழிக்கிற வேகத்தில் மூக்குத்தியையும் சேர்த்து அழித்துவிட்டான். வெள்ளையடித்த சுவரில் இரண்டு கண் வரைந்த மாதிரி நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இது யாரு? நம்ம வீட்டு ஆளு மாதிரித் தெரியலையே," என்றார் வீட்டுக்காரர்.

மங்கு எனக்குச் சும்மா வரவில்லை. அவர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் உப்பளத்தை நின்று பார்த்தவள் நான். உப்பளத்தில் இரண்டு வெயில் உண்டு. ஒன்று மேலே இருந்து அடிக்கும். இன்னொன்று பாத்தியில் பட்டுக் கீழே இருந்து அடிக்கும். முக்காடு போட்டால் மேல்வெயிலுக்குச் சரி, கீழ்வெயிலுக்கு எங்கே போய் முக்காடு போட? அப்படி ஏறின கறுப்பு அது. இத்தனை வருசமும் அதை நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். நகையைப் பார்த்து ஒருத்தன் நிழல் என்று சொல்லி, அதற்கு ஒருத்தி விளக்கமும் சொன்ன பிறகு, கண்ணாடி முன்னால் நின்றால் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கல்யாணத்தன்றைக்கு நான் ஆலாத்தித் தட்டோடு நிற்கும்போது அந்தப் போட்டோக்காரன் மறுபடி விளக்கைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

என் மருமகளுக்கு பேங்கில் வேலை. சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"அத்த, டவுன்ல ஸ்கின் கிளினிக் ஒண்ணு இருக்கு. கெமிக்கல் பீல்னு செய்யுதாங்க. மேல்தோல மருந்து போட்டு லேசா உரிச்சி விட்டா கறுப்பு குறையுமாம்."

"உரிக்கதுக்கு நான் என்ன உள்ளியா?"

"உள்ளின்னா கண்ணு எரியும். இதுல கன்னந்தான் எரியும். வாறீயளா, மாட்டீயளா?"

வீட்டுக்காரரிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றேன். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த தெருவில் ஒரு அண்ணாச்சி வயதான காலத்தில் தலைக்கு மை அடித்ததை, அந்த மனுசன் செத்துப் போன பிறகும் சொல்லிச் சிரிக்கிறவர் இவர். அவர் வாயில் நான் விழ முடியாது.

கிளினிக் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உள்ளே புனித வெள்ளிக் கோயில் மாதிரி அமைதி, ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர். கதவைத் திறந்த பெண் என்னை மேடம் என்றாள். சுவரில் ஒரு பெண்ணின் படம் இரண்டு மாட்டியிருந்தார்கள், பீல் செய்யும் முன், செய்த பின் என்று. முதல் படத்தில் தலை சீவவில்லை, சிரிக்கவில்லை, விளக்கையும் அணைத்துவிட்டு எடுத்திருக்கிறார்கள். இரண்டாவதில் தலைவாரிப் பொட்டு வைத்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். இதற்கு மருந்து எதற்கு, ஒரு சீப்பும் ஒரு நல்ல சேதியும் போதுமே என்று மருமகளிடம் சொன்னேன். அவள் என் காலை மிதித்தாள்.

எங்களோடு காத்திருந்தவர்கள் எல்லாம் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. சாராயக் கடையில்கூட மனுசன் மனுசனைப் பார்த்துத் தலையாட்டுவான்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. விளக்கு வைத்து என் கன்னத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது ஒரு தடவையில போறது இல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். முழுசாப் போயிரும்னும் நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் முடிஞ்ச பெறவு செஞ்சா என்ன?"

"கல்யாணம் முடிஞ்ச பெறவு என்ன யாரும்மா பாக்கப் போறா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு விரல் நீட்டிச் சொன்னாள். வெயிலில் தலை காட்டக் கூடாது. தருகிற கிரீமைப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எதையும் முகத்தில் வைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் தோல் கறுத்து உரியும், பயப்படக் கூடாது. "முக்கியமா, பிய்க்கக் கூடாது. அது தானா விழணும். பிய்ச்சா அந்த இடத்துல மார்க் விழுந்துரும். அது மங்கை விட மோசம்."

பிய்க்கக் கூடாது என்பதை மருந்து போட்ட பெண்ணும் சொன்னாள். கிரீம் எடுத்துக் கொடுத்தவளும் சொன்னாள். வெளியே வரும்போது துப்பட்டாவுக்குள்ளிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி, "ஆன்ட்டி, பிய்ச்சிராதீங்க," என்றாள். அந்தக் கூட்டத்துக்கு அதுதான் மந்திரம் என்று தெரிந்துகொண்டேன். கண்ணெதிரே ஒருத்தி பிய்த்தால் அவர்கள் உடம்பு பதறும்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆசிட் என்றதும் நான் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "பயப்படாதீங்க மேடம், கரும்புலேர்ந்து எடுக்கதுதான்," என்றாள் அந்தப் பெண். கரும்பிலிருந்து சாராயமும்தான் எடுக்கிறார்கள். பூசினதும் கட்டெறும்புக் கூட்டத்தைக் கன்னத்தில் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவள் ஒரு சின்ன விசிறியை என் முகத்துக்கு நேரே பிடித்து, ஓகேவா மேடம், ஓகேவா மேடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உப்பளத்தில் உப்புத் தண்ணீரில் நின்று நின்று எங்களுக்குக் காலில் தோல் உரிந்திருக்கிறது. அதற்கு யாரும் விசிறினதும் இல்லை, பில் போட்டதும் இல்லை.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. முகம் லேசாகச் சிவந்து எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. இவ்வளவுதானா என்று எனக்கு இளக்காரம் வந்துவிட்டது. மறுநாள் மருமகள் பேங்குக்குப் போன நேரம், மாடியில் காயப்போட்ட மோர்மிளகாயைத் திருப்பிப் போட ஏறினேன். ஏறினவள் அப்படியே நின்று வெகுநேரம் சொத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் நின்றவளுக்கு மொட்டைமாடி வெயில் ஒரு வெயிலா என்ற நினைப்பு. புதுத் தோலுக்கு அந்தப் பழைய பெருமையெல்லாம் தெரியுமா? அது அன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது.

மறுநாள் விடியும்போது முகம் கன்றிக் கறுத்துக் கிடந்தது. அங்கங்கே பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. நெற்றியிலும் வாய்க்குக் கீழே நாடியிலும் தோல் காய்ந்து விளிம்பு தூக்கி நின்றது. மருமகள் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பி, எனக்குச் சேரவேண்டிய ஏச்சை எனக்குப் பதிலாக வாங்கிக்கொண்டாள். ஒரு களிம்பு சொன்னார்கள். ஆறிவிடும், ஆனால் முன்னைவிட அதிகமாக உரியும் என்றார்கள். அவள் களிம்பு வாங்க மருந்துக்கடைக்குப் போன நேரம், வீட்டுக்காரர் காப்பி கேட்டு அடுக்களைக்குள் வந்தார்.

என்னைப் பார்த்தார். கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் கழற்றினார்.

"தாயே," என்றார்.

ஐம்பது வருசமாக என்னை ஏளா என்று கூப்பிட்ட மனுசன். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி என்னைக் கும்பிட்டார்.

இந்தப் பக்கத்தில் அம்மை போட்டவர்களை நோயாளியாகப் பார்ப்பதில்லை. அம்மனே அந்த உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்றுதான் நினைப்பு. வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, மீன் கூடாது. வருகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் போவார்கள். சொன்னால் அம்மன் கூடவே வந்துவிடுவாளாம். அவள் உடம்பை விட்டு இறங்கின பிறகு வேப்பிலை போட்ட தண்ணீர் மூன்று தடவை ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறவரை படி தாண்டக் கூடாது. கல்யாண வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடக் கூடாது.

"இந்தாருங்க, இது அம்மையில்ல," என்று ஆரம்பித்தேன்.

அவர் காது மெஷினைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். தாய்க்கு முன்னால் மெஷின் என்னத்துக்கு என்று நினைத்தாரோ என்னவோ. மருமகள் திரும்பி வருமுன் வாசலில் வேப்பிலை தொங்கியது, தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. கத்திச் சொல்லலாம்தான். கத்தினால் தெருவுக்குக் கேட்கும். இந்த வயதில் முகத்தை உரிக்கப் போனாளா என்று கேட்பார்கள். அதற்கு அம்மை மேல்.

இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். அம்மனாக இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

காலையில் இளநீர் வெட்டிக் கையில் கொடுத்தார். பாயை அவரே விரித்தார். டிவியை அவராகவே அணைத்தார். எதற்கும் எதிர்ப்பேச்சு இல்லை. உப்பில்லாக் கஞ்சி ஒன்றுதான் இறங்கவில்லை. ஆயுசு முழுக்க உப்பு விளைவித்தவளுக்கு உப்பில்லாக் கஞ்சி. வேம்பும் மஞ்சளும் அரைத்து முகத்தில் பூச வந்தார். மருமகள்தான் குறுக்கே பாய்ந்து தடுத்தாள். டாக்டர் கொடுத்த வெள்ளைக் கிரீமை அவள் திருநீற்றுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து பூசுவாள். அவர் அதையும் கும்பிட்டார்.

தெருப் பெண்கள் வாசலோடு நின்று பார்த்தார்கள். நிச்சயதார்த்தத்தில் வாயைப் பொத்திச் சிரித்த ஒருத்தி பயபக்தியோடு கூழ் கொண்டுவந்தாள்.

"தாயே, எம்மவன் கல்ஃபுக்குப் போகணும்னு நிக்கான். போகலாமா, வேண்டாமா?"

கரும்புச் சாற்று ஆசிட்டிடம் குறி கேட்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "மொதல்ல அவன காலையில எந்திரிக்கச் சொல்லு," என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து அந்தப் பையன் சீக்கிரம் எழுந்திருக்கிறான் என்றார்கள்.

எல்லாம் தம்பி பெண்டாட்டி போன் பண்ணுகிறவரைதான். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதினி, கேள்விப்பட்டேன். தாயி நல்லபடியா இறங்கட்டும். நீங்க கல்யாணத்துக்கு வரமுடியலியேன்னு மனசு கெடந்து தவிக்கி. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீய. ஆலாத்திய எங்க அக்கா எடுக்கேன்னு சொல்லிட்டா."

பின்னால் நெய் விடுகிற குரல் கேட்டது. "மதினி, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. வயசான உடம்பு பாருங்க. தட்டை நான் பாத்துக்கிறேன்."

வயசான உடம்பாம். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தலைமுறையா ஓடிவிட்டது?

போனை வைத்த பிறகு மருமகள் என்னைப் பார்த்தாள். "அத்த, உள்ளதச் சொல்லிருங்க."

"சொன்னா சிரிப்பாளுவ."

"சொல்லலேன்னா அவ தட்டத் தூக்குவா. ரெண்டுல எது கசக்குன்னு நீங்களே பாத்துக்கோங்க."

கசப்பை எடை போட்டுப் பார்த்தேன். வேறு ஒரு பயமும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. இல்லாத அம்மையைச் சொல்லி அம்மன் பேரில் இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டுதானே இருப்பாள். என் பேரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, நாமே போய் உட்காருவோம் என்று நிசமாகவே வந்துவிட்டால்? அவளுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என்னுடைய இடத்தில் சென்னைக்காரி உட்காரப் பார்க்கிறாள். இரண்டும் சரியில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தம்பி வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருக்கும். மருமகளைக் காரை எடுக்கச் சொன்னேன். முகத்தில் கிரீமை அப்பி முக்காடும் போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். எங்கே போகிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கோயிலுக்கு என்று அவராகவே முடிவு பண்ணி, ஒரு கட்டு வேப்பிலையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். உப்பளங்களைத் தாண்டிப் போகும்போது வெள்ளைக் குவியலெல்லாம் கண்ணைக் குத்தியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உப்பைப் பார்த்து முகத்தை மூடினேன்.

தம்பி வீட்டு வாசலில் நான் இறங்கினதும் மேளக்காரர் அடியை நிறுத்தினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி ஓடி வந்து என் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். வீட்டுக்காரர் வேப்பிலையை வீசிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். தேர் வருகிற மாதிரித்தான் இருந்திருக்கும்.

தம்பி பெண்டாட்டிக்கு முகம் வெளிறிவிட்டது. "மதினி, மூணாந்தண்ணி ஊத்தலியே. தாயே, எதுவும் கொறை வச்சிட்டோமா?"

முக்காட்டை எடுத்தேன்.

"ஏளா, நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு அம்மையுமில்ல, கிம்மையுமில்ல. இந்த மங்கு போகட்டும்னு டவுன்ல டாக்டருகிட்ட மருந்து போட்டுத் தோல உரிச்சேன். வெயில்ல நின்னு அத நானே கெடுத்துக்கிட்டேன். அவ்வளவுதான் சங்கதி. நாளைக்கு ஆலாத்தி நான்தான் எடுப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்துதானே இத்தனை நாள் வாயை மூடிக்கிடந்தேன். இப்போது சிரித்தால் தேவலை என்று இருந்தது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா சோதிக்கா," என்றார். இந்த மதினியா முகத்துக்கு மருந்து போடுவாள், இவள் பவுடரே போடமாட்டாளே என்று பின்னால் ஒரு பேச்சு. என் கர்வம் ஊரறிந்தது. அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மருமகள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மாமியாருக்கு அம்மை போட்டதும் பிள்ளை பயந்துவிட்டது என்று அவளுக்கும் திருநீறு பூசிவிட்டார்கள்.

அப்போதுதான் சென்னைக்காரியைப் பார்த்தேன். உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் எல்லாம் என் முகத்தைத் தூரத்தில் நின்று, பயத்தோடு, அரைக்கண்ணால் பார்த்தார்கள். இவள் மட்டும் கிட்டே பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். நெற்றி, கன்னம், நாடி என்று ஒவ்வொரு இடமாக, தையல்காரி அடுத்தவள் ரவிக்கையைப் பார்க்கிற பார்வை. பயம் கொஞ்சமும் இல்லை. அந்தக் கூட்டத்தில் இது அம்மை இல்லை என்று தெரிந்தவள் எங்களைத் தவிர அவள் ஒருத்திதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை.

"நீ சொல்லேம்மா," என்றேன். "இது அம்மையா?"

"எனக்கென்ன தெரியும் மதினி? நீங்க போய்ப் படுங்க. அம்மன் விசயத்துல விளையாடக் கூடாது."

சரி என்றேன். அவளுக்கு நேராகப் போய் நின்றேன். என் நாடிக்குக் கீழே ஒரு தோல் காசு அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும். நகத்தால் அதன் நுனியைப் பிடித்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்ல இழுத்தேன். அவசரப்படவில்லை. கொஞ்சம் இழுப்பேன், நிறுத்துவேன். அவள் விரல்கள் நிலையை இறுக்கிப் பிடித்தன. ஒட்டியிருக்கிற இடத்துக்கு வந்தேன். ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஐயோ, பிய்க்காதீங்க மதினி," என்று என் கையைப் பிடித்துவிட்டாள். "மார்க் விழுந்துரும். அது தானா விழணும்."

தம்பி பெண்டாட்டி மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"டிவில சொன்னாங்க."

"எந்த டிவியில?" என்றேன். "சொல்லு, நானும் பாக்கேன்."

இப்போது மொத்தக் கூட்டமும் என் முகத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. இத்தனை வருசமாக அந்த மினுமினுப்புக்குக் கடலைமாவும் பாலாடையும்தான் காரணம் என்று அவள் ஊரெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுப் பாலாடையைத் தின்னாமல் முகத்தில் பூசினவர்கள் அங்கேயே நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் பார்த்த பார்வையை நான் சொல்லி முடியாது.

"விடுங்க," என்றேன். "நுங்கு தானா உரியாது. யாராவது உரிச்சாத்தான உண்டு."

அப்போது சிரித்தார்கள். யாரும் வாயைப் பொத்தவில்லை.

மறுநாள் நான்தான் ஆலாத்தி எடுத்தேன். முகம் பாதி உரிந்தும் பாதி உரியாமலும், மழை விட்டுவிட்டுப் பெய்த வரப்பு மாதிரி இருந்தது. போட்டோக்காரன் விளக்கைத் தூக்கினான், என்னைப் பார்த்தான், சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே இறக்கி வைத்தான். தட்டின் மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சென்னைக்காரியையே கூப்பிட்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் அவளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு வேறு வழி கிடையாது. அவள் காதோரம் லேசாக ஒரு மங்கு இருக்கிறது. அவளுக்கும் போகவில்லை.

வீட்டுக்காரருக்கு விசயத்தை மருமகள்தான் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள். படித்தார். மறுபடி படித்தார். வாசலில் கட்டின வேப்பிலையை அறுத்து எடுத்து ஆட்டுக்குப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் எழுந்து பாயில் உட்கார்ந்தபடியே, பழக்கத்தில் கையைக் காட்டி இளநீர் கேட்டேன். அவர் சாமி படத்துக்கு முன்னாலிருந்த காது மெஷினை எடுத்து, துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"ஏளா," என்றார். "ஒனக்கென்ன காலு இல்லியா?"